பத்து நாள் பிச்சைக்காரர்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் காசிலிங்கம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில் யாராவது ஓசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கி வந்துவிட்டால், தெருவே கூடி நின்று எப்படி என்று விசாரிக்கும். மனிதர் அவ்வளவு கெட்டி. கஞ்சன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வந்துவிடுவார். 'கணக்குன்னு சொல்லுங்க' என்பார். ஆனால் அதே கடைக்கு முன்னால் ஒரு பிச்சைக்காரர் வந்து நின்றால் வெறுங்கையோடு போனதாகச் சரித்திரம் இல்லை. கேட்டால், 'அந்தத் தொழில்ல உள்ள கஷ்டம் எனக்குத் தெரியும்லா' என்று பதில் வரும். வேடிக்கைக்குச் சொல்கிற பதில் இல்லை அது. வருஷத்துக்குப் பத்து நாள் காசிலிங்கம் பிச்சை எடுக்கிறவர்.

குலசேகரன்பட்டினத்துத் தசராவைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருந்து, கொடியேறியதும் கையில் காப்புக் கட்டி வேடம் போடுவார்கள். காளி, குறத்தி, ராஜா, போலீஸ், கரடி என்று அவரவர் நேர்ச்சைப்படி வேடம். செருப்பில்லாமல் கடை கடையாய், வீடு வீடாய்ப் போய் அம்மனுக்குத் தர்மம் வாங்கி, சூரசம்ஹாரத்தன்று கோயில் உண்டியலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுவரைக்கும் குழுவாகக் கட்டிய ஓலைக் குடிலில்தான் சாப்பாடும் படுக்கையும். எவ்வளவு பெரிய ஆளானாலும் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். காளி வேடக்காரர் நீட்டினால் ஜனங்கள் கும்பிட்டுப் போடுவார்கள். காசிலிங்கம் எடுத்திருப்பது பிச்சைக்காரர் வேடம். அதற்குக் கும்பிடெல்லாம் கிடையாது. 'தள்ளி நில்லுய்யா' என்பார்கள், அவ்வளவுதான்.

அதிலும் அவர் சும்மா வேடம் போடுகிறவர் இல்லை. சாக்கை வெட்டித் தைத்த சட்டை, கரி, சாம்பல், ஒரு கால் இழுப்பு, நசுங்கிப்போன அலுமினியச் சட்டி. ஒரு வருஷம் மனைவி முருகேஸ்வரியின் உடன்பிறந்த தம்பியே ஆள் தெரியாமல் காசு போட்டுவிட்டுப் போனான். அந்தக் கதையை இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் மகள் சரண்யாதேவிக்காக. மூன்று வயதில் பிள்ளைக்கு அம்மை போட்டு, காய்ச்சல் தலைக்கேறி, வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. காசிலிங்கம் வராந்தாவில் நின்று அழுதுகொண்டே, 'தாயே, பிள்ளையத் திருப்பிக் குடுத்துரு, என் ஆயுசுக்கும் ஒன் பேரைச் சொல்லிப் பிச்சை எடுத்து ஒன் வாசலுக்குக் கொண்டு வாரேன்' என்று சொல்லிவிட்டார். பிள்ளை பிழைத்தது.

அந்த வருஷம் சொந்த ஊரான உடன்குடி பஜாரில் முதன்முதலாக வேடம் கட்டி நின்றபோது எந்தக் கடையில் போய் நீட்டுவது என்று தெரியாமல் விழித்தார். எல்லாம் தெரிந்த முகம். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய் திறக்கவே இல்லை. முருகேஸ்வரிதான் இடுப்பில் இருந்த பிள்ளையின் கையில் ஒரு காசைத் திணித்து, "அப்பாவுக்குப் போடுளா" என்றாள். பிள்ளை போட்டது. சட்டியில் டங்கென்று சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் முதல் காசு சரண்யா கையால்தான். பரீட்சை இருந்தாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி, காலையில் வந்து போட்டுவிட்டுத்தான் போவாள். அதற்கு முன்னால் வேறு யார் போட வந்தாலும் காசிலிங்கம் சட்டியை இழுத்துக்கொள்வார். எந்தச் சாமியும் இப்படி விதிக்கவில்லை. அவராக வைத்துக்கொண்ட வழக்கம்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறது. கண்டெய்னர் எங்கே நிற்கிறது, எந்தக் கப்பலில் ஏறும், கஸ்டம்ஸில் யார் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் சரண்யாவுக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த வருஷம் அமெரிக்காவில் ஒரு துறைமுகக் கம்பெனி அவளை ஒன்றரை வருஷப் பயிற்சிக்குக் கூப்பிட்டது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அதோடு கவலையும் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

விசா வேலைகளைப் பார்த்தது பாளையங்கோட்டை ரோட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் ஜெனோ. சின்ன வயசு, நிதானமாகப் பேசுகிறவன். காசிலிங்கம் அவனிடம் போய் நூறு கேள்வி கேட்டார்.

"இது சம்பாதிக்கப் போற விசா இல்ல அண்ணாச்சி, பரிமாற்ற விசா" என்றான் ஜெனோ. "பாப்பா அங்க போயி அவங்க தொழில் முறையக் கத்துக்கிடணும். நம்ம ஊரு எப்படி, வழக்கம் எப்படின்னு அங்க உள்ளவங்களுக்கு எடுத்துச் சொல்லணும். பயிற்சி முடிஞ்சதும் திரும்பி வந்துரணும். பட்டம் இருக்கு, ஒரு வருசத்துக்கு மேல வேலை பாத்த அனுபவம் இருக்கு, என்னென்ன கத்துக்குடுப்போம்னு கம்பெனிக்காரன் திட்டம் எழுதிக் குடுத்திருக்கான். அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"பொறவு தூதரகத்துல எதைப் பாப்பான்?"

"திரும்பி வருவாளான்னு பாப்பான். வீடு வாசல், தாய் தகப்பன், தொழில், இதெல்லாம் இங்கன உறுதியா இருக்கான்னு பாப்பான். அத நம்புனாத்தான் முத்திரை."

காசிலிங்கத்துக்கு அது நியாயமாகப் பட்டது. தன் கடையை விட உறுதியான ஒரு கடை தூத்துக்குடியில் எங்கே இருக்கிறது? படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று ஜெனோ தட்டியபோது, பக்கத்திலேயே நின்று சரிபார்த்துக்கொண்டார்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போன சரண்யா முத்திரை இல்லாமல் திரும்பி வந்தாள். மறுக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்து, இன்னும் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய முகநூல், இன்ஸ்டாகிராம் கணக்குகளை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டுமாம். இப்போது இந்த வகை விசாவுக்கு இதுவும் ஒரு விதி.

"அதுல என்ன இருக்கு, தொறந்து வச்சிரு" என்றார் காசிலிங்கம். நல்ல மனிதர். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

தெரியவைத்தவன் லிங்கராஜ். பக்கத்தில் செல்போன் கடை. அவனும் உடன்குடிக்காரன், தசராக் குழுவுக்குச் செயலாளர். வாயை மூடி வைத்திருக்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. மத்தியானம் வியாபாரம் இல்லாத நேரத்தில் போனை நீட்டி, "அண்ணாச்சி, இதப் பாருங்க, நீங்க அமெரிக்காவுக்கே தெரிஞ்ச முகம் ஆயிட்டீய" என்று சிரித்தான்.

காசிலிங்கம் பார்த்தார். உடன்குடி பஜார். சாக்குச் சட்டை, சாம்பல் பூசிய முகம், நீட்டிய சட்டி. ஒரு படமா இரண்டு படமா! வருஷா வருஷம் எடுத்தது. ஒன்றில் குப்பைத்தொட்டி ஓரமாகக் குத்தவைத்திருக்கிறார். ஒன்றில் பஸ்ஸுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு ஓடுகிறார். எல்லாவற்றுக்கும் கீழே சரண்யா இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தாள்.

"என்னலே எழுதியிருக்கா?"

"'என் அப்பா. எனக்காகப் பிச்சை எடுக்கிறார்'னு எழுதியிருக்கு அண்ணாச்சி. கூடவே ஒரு சிவப்பு இதயம்."

காசிலிங்கம் போனைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். படிவத்தில் வியாபாரம். படத்தில் பிச்சை. எதை நம்புவான் அந்த வெள்ளைக்காரன்? எழுத்தையா, கண்ணால் பார்த்ததையா? பிச்சைக்காரன் மகள் திரும்பி வருவாள் என்று எவன் நம்புவான்? எதற்குத் திரும்பி வருவாள், சட்டியைப் பிடிக்கவா?

"ஏலே, நான் ரொம்ப நல்லா வேசம் போட்டுட்டேனோ" என்றார் மெல்லிய குரலில். இத்தனை வருஷப் பெருமையும் அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு வினையாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து மனிதர் மனிதராக இல்லை. துவரம்பருப்பு கேட்டவர்களுக்குப் பாசிப்பருப்பு நிறுத்தார். எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே எடைக்கல்லைத் தேடினார். சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார், முருகேஸ்வரிக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. ராத்திரியில் புரண்டு படுத்தால், 'பிள்ளையக் காப்பாத்துறதுக்கு நேர்ந்தது, பிள்ளைக்கே எதிரா நிக்குதே தாயே' என்று முனகினார்.

"எல்லாத்தையும் அழிச்சிரு தாயி" என்று மகளிடம் கெஞ்சினார்.

"இப்ப அழிச்சா எதையோ மறைக்கோம்னுதான் நினைப்பாங்கப்பா. ஜெனோ அண்ணனும் கூடாதுன்னுட்டாரு."

"பிச்சைக்காரன்னு நினைச்சாப் பரவால்லியா?"

"எங்கப்பா எனக்காகச் செய்யுறது. அத எதுக்கு நான் ஒளிக்கணும்?" சரண்யாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவளுக்கும் பயம்தான். தினமும் காலையில் எழுந்ததும் விசா நிலவரத்தைப் போனில் பார்ப்பாள், அது முந்தின நாள் சொன்னதையே சொல்லும், அன்றைக்குப் பூரா யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

மாலை போடும் நாள் வந்தது. காசிலிங்கம் மனைவியிடம் ஈனசுரத்தில் கேட்டார்: "இந்த வருசம் மட்டும் ராஜா வேசம் கட்டட்டுமா? கிரீடம் வச்சி, பட்டு உடுத்தி நாலு போட்டோ எடுத்துப் போட்டா..."

முருகேஸ்வரி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஒங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? பிள்ளை உசுருக்கு நேர்ந்தது என்ன வேசம்? இப்ப எவனோ போட்டோ பாக்கான்னு கிரீடம் கேக்குதா ஒங்களுக்கு? அம்மாகிட்டப் போயி, வெள்ளைக்காரன் கோவிச்சிக்கிடுவான்னு சொல்லுவீயளோ?"

அதோடு ராஜா வேடம் முடிந்தது. கிரீடம் போனதும் அடுத்த யோசனை வந்தது. அதுதான் எல்லாவற்றையும் விடக் கிறுக்கு யோசனை.

வியாபாரி இல்லையா, எதற்கும் ஒரு அத்தாட்சி வேண்டும் அவருக்கு. லிங்கராஜைப் பிடித்து, தசராக் குழுவின் லெட்டர்பேடில் ஒரு சான்றிதழ் வாங்கினார். மேலே முத்தாரம்மன் படம், இரண்டு பக்கமும் சூலம். கீழே குழுவின் ரப்பர் முத்திரை. இங்கிலீஷில் லிங்கராஜே தட்டினான். 'மில்லர்புரம் திரு. காசிலிங்கம் அவர்கள் உண்மையான பிச்சைக்காரர் அல்ல என்றும், தசராவை முன்னிட்டுப் பத்து நாட்கள் மட்டுமே பிச்சைக்காரர் என்றும், மீதி நாட்களில் நன்னடத்தை உள்ள பலசரக்கு வியாபாரி என்றும் இதன்மூலம் சான்றளிக்கிறோம்' என்பது அதன் சாரம். குழுவில் காளி வேடம் கட்டுகிற ஒருவரும் கரடி வேடம் கட்டுகிற ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

சரண்யா அதை வாசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். "இத நான் தூதரகத்துல நீட்டவாப்பா? வெளிய தள்ளிக் கதவச் சாத்திருவாங்க."

"கேட்டா மட்டும் குடு. கேக்கலன்னா பையிலயே கெடக்கட்டும்" என்றார் அவர். நீட்டிய கையை மடக்கவில்லை.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் தூதரகத்திலிருந்து தகவல் வந்தது. பாஸ்போர்ட்டோடு மறுபடியும் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். தேதியைப் பார்த்ததும் வீட்டில் மூன்று பேரும் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். காப்புக் கட்டிய மறுநாள், முதல் தர்மம் எடுக்கிற நாள்.

"வேற நாள் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் சரண்யா.

"வேண்டாம் வேண்டாம். கூப்பிட்ட அன்னைக்குப் போகலன்னா அதுக்கு வேற என்ன நினைப்பானோ. நீ போ."

"அப்ப முதல் காசு?"

காசிலிங்கம் மாலையைத் தடவிக்கொண்டே, "அத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அவருக்கே தெரியாது. கொடியேற்றத்தன்று சாயங்காலம் சரண்யா சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறியபோது அவர் ஸ்டேஷனில் இல்லை. குலசேகரன்பட்டினத்தில் கொடியைப் பார்த்துக் கையில் காப்பை வாங்கிக்கொண்டு, உடன்குடி குடிலுக்குப் போய்விட்டார். காப்புக் கட்டிய ஆள் அதற்குப் பிறகு தன் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. சான்றிதழ் அவள் பையில் இருந்ததா, மேஜை மேல் கிடந்ததா என்று கூட அவருக்குத் தெரியவில்லை. முருகேஸ்வரிக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றால், இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காமலே படுத்தார்.

விடிந்தது. குழு மேளத்தோடு பஜாருக்குள் இறங்கியது. காளிகள் ஆடினார்கள், கரடி பிள்ளைகளைத் துரத்தியது, கடைக்காரர்கள் சில்லறையோடு வாசலில் நின்றார்கள். பிச்சைக்காரர் மட்டும் கருப்பட்டிக் கடை ஓரமாகச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கால் இழுப்பு கூட மறந்துபோய் நேராக நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்ன அண்ணாச்சி, இந்த வருசம் பிச்சைக்காரருக்கு வாய் அடைச்சிட்டோ?" என்று கருப்பட்டிக் கடைக்காரர் ஒரு நோட்டை நீட்டினார். காசிலிங்கம் சட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"இரிங்க, இரிங்க. இன்னும் ஆரம்பிக்கல."

ஒரு அம்மா தன் பிள்ளையைக் கூட்டி வந்து, "போடுய்யா, சாமிக்குப் போடு" என்றாள். பிள்ளை கையை நீட்டியது. காசிலிங்கம் அந்தச் சின்னக் கையைப் பார்த்தார். அப்படியும், "பொறவு வாய்யா, நாளைக்கு வா" என்று நகர்ந்துகொண்டார். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. பிச்சை வேண்டாம் என்கிற பிச்சைக்காரரை அது எங்கே பார்த்திருக்கும்! அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி காரியத்துல என்ன ராங்கி இது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காசிலிங்கத்தின் போன் லிங்கராஜிடம் இருந்தது. வேடம் கட்டினால் போனைத் தொட மாட்டார். அதனால் லிங்கராஜ் எங்கே போனாலும் பின்னாலேயே போனார்.

"இப்ப உள்ள போயிருப்பாளாலே?"

"போயிருப்பா அண்ணாச்சி."

"போட்டோவக் காட்டிக் கேப்பானோ?"

"கேட்டாச் சொல்லுவா. அவ என்ன வாயில்லாப் பிள்ளையா?"

"படிவத்துல வியாபாரம்னு இருக்கு பாத்தியா. அங்கதான் இடிக்குது. பொய் சொல்லிட்டீயன்னு ஒரு தடவ எழுதிட்டாம்னா, பொறவு ஆயுசுக்கும் கெடைக்காதாம். ஜெனோ சொன்னான்."

"அண்ணாச்சி, நீங்க இப்படியே கேட்டுக்கிட்டு இருந்தா எனக்கே பேதியாயிரும், செத்த சும்மா இரிங்க!"

வெயில் ஏறியது. தார் ரோட்டில் வெறுங்கால் பொரிந்தது. மற்றவர்கள் சட்டியிலும் பையிலும் காசு நிறைந்தது. அவர் சட்டியில் வெயில்தான் கிடந்தது. கோயிலுக்குக் கொண்டுபோக ஒரு காசு இல்லாமல் ஒரு நாள் போகிறது என்று குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். காசிலிங்கத்தின் காதில் விழுந்தது. இத்தனை வருஷமும் நீட்டிய கை இன்றைக்கு ஏன் மடங்கி நிற்கிறது என்று அம்மன் கேட்டால் என்ன சொல்வது? பிள்ளை அங்கே கை கட்டி நிற்கிறாள், அவள் கதை தெரியாமல் என் கை நீளாது தாயே என்றுதான் சொல்ல வேண்டும். கருவாட்டு மார்க்கெட் முக்கில் நின்று அதை அப்படியே வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றுகொண்டார்.

போன் அடித்தது. லிங்கராஜ் எடுத்தான். மேளச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "என்னளா? கேக்கல! ஆங்? வச்சுக்கிட்டாங்களா?" காசிலிங்கம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டாங்களாம் அண்ணாச்சி!"

"பிடுங்கி வச்சிட்டானா!" என்று அலறிக்கொண்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார் காசிலிங்கம்.

"ஐயோ அண்ணாச்சி, எந்திரிங்க! வச்சுக்கிட்டா விசான்னு அர்த்தம். முத்திரை குத்தி அனுப்புவாங்க. கெடைச்சிட்டு! பாப்பாவுக்குக் கெடைச்சிட்டு!"

மேளக்காரர்களுக்கு விஷயம் தெரிந்ததும் அடித்த அடியில் பஜாரே அதிர்ந்தது. கரடி வந்து அவரைத் தூக்கி நிறுத்தியது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட உரிமை அதற்கு. சாம்பல் பூசிய முகத்தில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியது. கருப்பட்டிக் கடைக்காரர் மறுபடியும் நோட்டோடு வந்தார். "இப்பவாவது போட விடுவீயளா?"

காசிலிங்கம் சட்டியை இழுத்துக்கொண்டார். "நாளைக்கு அண்ணாச்சி. அவ வந்துரட்டும்."

மறுநாள் காலையில் ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல், கசங்கின உடையோடு பஸ் ஏறி உடன்குடி பஜாருக்கு வந்து சேர்ந்தாள் சரண்யா. தகப்பனைக் கண்டதும், காப்புக் கட்டிய ஆளைத் தொடலாமா கூடாதா என்று தயங்கி, முன்னால் வந்து நின்றாள்.

"கேட்டானா?" என்றார் காசிலிங்கம்.

"ஒரு அம்மாதாம்பா இருந்தாங்க. போட்டோவக் காட்டி யாருன்னு கேட்டாங்க. எங்கப்பான்னேன். வியாபாரம்னு எழுதியிருக்கியேன்னாங்க. சான்றிதழக் குடுத்தேன்."

"குடுத்தியா!"

"வாசிச்சாங்க. ரெண்டு தடவ வாசிச்சாங்க. பக்கத்துல உள்ள ஆளையும் கூப்பிட்டுக் காட்டுனாங்க. இந்தக் கையெழுத்து யாருதுன்னு கேட்டாங்க, கரடின்னு சொன்னேன்."

லிங்கராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். காசிலிங்கம் சிரிக்கவில்லை. "பொறவு?"

"பொறவு எல்லாத்தையும் சொன்னேன். எனக்கு அம்மை போட்டது, நீங்க நேர்ந்தது, முதல் காசு, எல்லாம். நம்ம வழக்கத்த எடுத்துச் சொல்லணும்னுதானே இந்த விசா? சொன்னேன். 'நீ அமெரிக்காவுல இருந்தா அடுத்த வருஷம் முதல் காசு யார் போடுவா'ன்னு கேட்டாங்கப்பா. அழுதுட்டேன். அவங்க பாஸ்போர்ட்ட எடுத்து வச்சுக்கிட்டாங்க."

ஒன்றரை வருஷம். அடுத்த தசராவுக்கு அவள் இங்கே இருக்க மாட்டாள். இத்தனை நாள் கிடைக்குமா கிடைக்காதா என்று பயந்ததில், இந்தக் கணக்கைக் கணக்குக்காரர் போடவே இல்லை.

சரண்யா பையைத் திறந்து ஒரு காசை எடுத்துச் சட்டியில் போட்டாள். டங்கென்றது. உடனே இன்னொரு காசை எடுத்தாள். "இது அடுத்த வருசத்துக்குப்பா. இப்பவே போட்டுருதேன்." அதையும் போட்டாள்.

காசிலிங்கம் சட்டிக்குள் பார்த்தார். கரி படிந்த விரலால் ஒரு காசை எடுத்து மகளின் கையில் வைத்து, அந்தக் கையை மூடினார்.

"இது வேண்டாம் தாயி. இத நீயே வச்சுக்க. வந்து போடு."

"அப்ப அடுத்த வருசம் என்னப்பா செய்வீங்க?"

"அடுத்த வருசம் காலிச் சட்டியோட சுத்துதேன். பத்து நாளும் சுத்துதேன். யாருகிட்டயும் வாங்க மாட்டேன். முத்தாரம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

சரண்யா காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். லிங்கராஜ் அந்தப் பக்கம் திரும்பிப் போனை நோண்டினான். போட்டோ எடுக்கவில்லை.

காசிலிங்கம் சட்டியை ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே ஒற்றைக் காசு சத்தம் போட்டது. காலை இழுத்துக்கொண்டு கருப்பட்டிக் கடையைப் பார்த்து நடந்தார்.

"அம்மா... தாயே... தர்மம் போடுங்க தாயே!"